கணக்கோலையில் இருக்கும் வீடுகள்

குரோம்பேட்டை என்ற பெயரின் பின்பாதி தமிழ். முன்பாதி தோல் பதனிடும் வேதியியல். குரோம் லெதர் கம்பெனி விட்டுச் சென்ற பெயர் அது. அடுத்த ரயில் நிலையமான தாம்பரம் சானடோரியம், 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவ இல்லத்தை இன்னும் பெயரில் சுமக்கிறது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கிய பிறகு வந்து குடியேறியவர்களுக்கு இந்தப் பெயர்களே ஊரின் வரலாறாகத் தோன்றியிருக்கக்கூடும். அதற்கு முன் இங்கே யார் இருந்தார்கள்?

கனடாவின் புல்வெளி மாகாணங்களில் இத்தகைய கேள்விக்குப் படமே பதில் சொல்லும். 1872ஆம் ஆண்டின் நிலச்சட்டம் 10 டாலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. குடியேறியவர்களின் நில விண்ணப்பங்கள் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. புல்தரையை வெட்டியெடுத்துக் கட்டிய வீட்டு வாசலில் விறைப்பாக நிற்கும் குடும்பம், ஒற்றை அறைப் பள்ளிக்கூடம், அறுவடை இயந்திரத்தைச் சூழ்ந்த ஆட்கள் என்று புகைப்படங்களும் ஏராளம். பின்னாளில் ஆல்பர்ட்டாவிலும் சஸ்காச்சுவானிலும் ஊர்தோறும் குடும்பங்கள் தத்தம் கதையை எழுதி, பெட்டியிலிருந்த படங்களையும் சேர்த்துத் தடித்த நூல்களாக வெளியிட்டன. (அதே நிலத்தில் முன்பு வாழ்ந்த பூர்வகுடிகளுக்கு அந்நூல்களில் கிடைத்த இடம் சொற்பம். ஆவணம் தாராளமாக இருப்பதால் மட்டும் அது நியாயமானதாகிவிடுவதில்லை.)

தாம்பரத்திலும் படங்கள் உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனை விட்டு, சேலையூர்ப் பக்கத்துக் காட்டில் 360 ஏக்கருக்கு மேற்பட்ட வளாகத்துக்கு வந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே மரம் வளர்த்தார்; செடிகொடிகளை ஆராய்ந்தார். 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு அங்கே கூடியது. சீனாவில் நடக்கவிருந்தது, ஜப்பானியப் படையெடுப்பால் இடம் மாறி இங்கே வந்தது. 471 பேராளர்கள் வந்தார்கள். இவ்வகை நிறுவனப் படங்களின் கீழே பேராசிரியர்களுக்கும் விருந்தினர்களுக்கும் பெயர் இருக்கும். கல் சுமந்தவர்களும் சமைத்தவர்களும் எங்காவது ஓரத்தில் தென்படக்கூடும், பெயரில்லாமல்.

பல்லாவரத்தில் ஒருவர் எழுத்தையே ஆவணமாக விட்டுச் சென்றார். அதே கல்லூரியில் தமிழ் கற்பித்து 1911இல் வெளியேறிய மறைமலையடிகள், 1950இல் இறக்கும்வரை அங்கேதான் வாழ்ந்தார். அவருடைய நாட்குறிப்புகள் தமிழ் இலக்கிய வரலாற்றுக்கு அரிய மூலம். தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை அவற்றை ஆங்கிலத்தில் எழுதினார் என்பதை ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் எனக்குப் புன்னகை வரும். ஆனால் அது ஒரு மனிதரின் உலகம்; ஊரின் உலகம் அல்ல.

ஊரின் உலகம் பதிவானது புகைப்படம் தோன்றுவதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் முன்பே, பனையோலையில். ஆர்க்காட்டு நவாபு செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தபின், தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை அதை அளந்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்கள். நன்செய், புன்செய், ஏரி, தோப்பு, கோயில், ஒவ்வொரு சாதிக்கும் தொழிலுக்கும் உரிய வீடுகளின் எண்ணிக்கை, விளைச்சல், அதில் யார் யாருக்கு என்ன பங்கு என்பதெல்லாம் அதில் உண்டு. கம்பெனிக்கு ஆங்கிலச் சுருக்கம் போயிற்று. மூலக் கணக்கை எழுதியவர்கள் நம் ஊர்க் கணக்கப்பிள்ளைகள். 1960களில் இவ்வாவணங்களைக் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் காந்தியவாதியான தரம்பால். பின்னர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலுள்ள ஓலைகளை ஆராய்ந்து, திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டின் கணக்கு 2001இல் நூலாக வந்தது.

இந்தக் கணக்குகளில் என்னை நிறுத்திய சொல் 'சுதந்திரம்'. களத்துமேட்டில் நெற்குவியலிலிருந்து ஒருவருக்குப் பரம்பரையாகச் சேரும் பங்குக்கு அதுதான் பெயர். மேரை என்றும் சொல்வார்கள். தச்சர், கொல்லர், வண்ணார், வெட்டியான், கணக்கன், கோயில், ஏரிப் பராமரிப்பு என்று வரிசையாக அளந்து கொடுத்தபின்தான் அரசுக்கும் உழுதவருக்கும் பாகம் பிரியும். விடுதலை என்ற பொருளில் நாம் முழங்கிய சொல் ஒரு காலத்தில் மரக்காலில் அளக்கப்பட்டது! இதைப் பொற்காலம் என்று கொண்டாடத் தயக்கமாக இருக்கிறது. சேரியில் இத்தனை வீடு என்று எண்ணிக்கை சொல்லும் ஓலை, அந்த வீடுகளில் இருந்தவர்கள் மிராசுதாரரிடம் எப்படிக் கட்டுண்டு கிடந்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. பெண்கள் கணக்கில் ஏறியது அரிது. ஆனாலும், கொல்லருக்குரிய நெல் கொல்லருக்குரியது என்று எழுதிவைத்த ஆவணம் அது. பிச்சையாக அல்ல, உரிமையாக.

அளவை முடிந்த ஆறே ஆண்டில், 1780இல், ஹைதர் அலியின் படை இந்தச் சீமையைச் சூறையாடியது. ஊர்கள் எரிந்தன, மக்கள் சிதறினர். 1794இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் ஆள்குறைந்த நிலத்தைத்தான் பார்த்தார். மதுராந்தகம் ஏரி உடையாமல் இராமனும் இலக்குவனும் காத்து நின்ற கதையில் வரும் அதே துரைதான். அவர் 1799இல் எழுதிய அறிக்கையிலிருந்து தொடங்கிய மிராசு உரிமை விவாதத்தை வரலாற்றாசிரியர் யூஜின் இர்ஷிக் 1994இல் வெளியான நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆக, பர்னார்டின் ஓலைகள் அழிவுக்குச் சற்று முன் எடுத்த குடும்பப் படம் போன்றவை. முகம் மட்டும் இல்லை.

கம்பெனி ஆட்சியில் ஊரின் பங்குகள் சுருங்கி வரி பெருத்தது, ஏரிகளைக் காக்கும் ஏற்பாடு அதோடு நலிந்தது என்பது தரம்பாலின் வாதம். இதை மறுப்பவர்களும் பர்னார்டின் ஓலைகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடி வரை நீர் ஏறியபோது, எது வயல், எது நீர் போன தடம் என்ற கேள்வி எல்லோர் வாயிலும் இருந்தது. 2021இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகியவற்றைச் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. ஏரிக்கென்று களத்திலேயே நெல் ஒதுக்கிய ஓலைகள் தஞ்சாவூரில் இருக்கின்றன. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் வருடா வருடம் குறைகிறார்கள்.