எரிக்கப்படாத டோடோ: ஆக்ஸ்ஃபோர்டு ஏட்டின் ஒரு வினைச்சொல்

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் டோடோ ஒன்றின் தலையும் ஒரு காலும் உள்ளன. டோடோவின் எலும்புகள் வேறு பல இடங்களிலும் உண்டு. தோல் எஞ்சியிருப்பது இந்தப் பறவையில் மட்டுமே. ட்ரடெஸ்கன்ட் குடும்பத்தின் லாம்பெத் சேகரிப்பிலிருந்து எலியாஸ் ஆஷ்மோல் வழியாக ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்கு வந்து, 1860-இல் கட்டப்பட்ட புதிய அருங்காட்சியகத்துக்கு அது இடம்பெயர்ந்த வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. எனக்கு வேண்டியது இடையில் வரும் ஒரே ஒரு நாள்: 1755 ஜனவரி 8.

அன்று மக்கிப்போன உடலைத் தீயிலிட்டார்கள் என்றும், தலையும் காலும் மட்டும் நெருப்பிலிருந்து மீட்கப்பட்டன என்றும் இன்றும் எழுதுகிறார்கள். இந்தக் கதைக்குப் பெரும் மதிப்பைத் தேடித்தந்தவர் நிலவியல் அறிஞர் சார்ல்ஸ் லயல். ‘நிலவியல் கோட்பாடுகள்’ நூலின் இரண்டாம் தொகுதியில் (1832) அவர் கல்லறை வாசகங்களைப் பற்றிப் பேசுகிறார். தனிமனிதரின் சாவைவிட ஓர் உயிரினத்தின் சாவே நினைவில் வைக்கத்தக்கது என்று கருதும் அவர், கடைசி டோடோவின் எச்சம் வீசியெறியப்பட்ட நாளைப் பல்கலைக்கழக ஆவணம் துல்லியமாகத் தருவதாகச் சொல்கிறார். அதற்குச் சான்றாக லத்தீன் வாசகத்தையும் எடுத்துத் தருகிறார். அந்தப் பகுதி உருக்கமானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் சொல்வதை அவர் காட்டும் வாசகம் சொல்லவில்லை.

ஏட்டில் உள்ள வினை ‘சுப்டுக்தா’. ‘கீழிருந்து இழு’, ‘விலக்கிக்கொள்’ என்பன அதன் மூலவினையின் பொருள்கள். கப்பலைக் கடலிலிருந்து கரையேற்றி வைப்பதற்கும் ரோமானியர் இதே வினையைத்தான் ஆண்டனர். கரையேற்றிய கப்பல் அழிந்த கப்பல் அல்ல. அழித்தலுக்கும் எரித்தலுக்கும் லத்தீனில் சொற்பஞ்சம் இல்லை. எழுதியவர் அவற்றில் எதையும் எடுக்கவில்லை. ஓரத்தில் எண் இடப்படாத பொருள்கள் அருங்காட்சியகத்திலிருந்து விலக்கப்பட்டன என்பதே குறிப்பின் சாரம். அப்பொருள்களைச் சுட்ட அவர் ஆளும் பெயர் ‘கிமேலியா’, அதாவது கருவூலப் பொருள்கள். அது வெறும் வழக்குச் சொல்லாகவும் இருக்கலாம் என்பதால் இதன்மேல் பெரும் பாரம் ஏற்ற மாட்டேன்.

நாளைப் பற்றியும் ஒரு திருத்தம் தேவை. துணைவேந்தரும் மற்றக் காப்பாளர்களும் பொருள்களைப் பார்வையிடக் கூட்டப்பட்டு இசைவு தந்தனர் என்ற தொடரை ஒட்டியே தேதி வருகிறது. அது பார்வையிட்ட நாள் என்று கொள்வதே இயல்பு. பொருள்கள் உண்மையில் எப்போது எடுக்கப்பட்டன என்பதை அந்த வரியைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. லயல் செதுக்கிய கல்லறையில் நாளும் உறுதியாக இல்லை.

ஆஷ்மோலியனின் எட்டாம் விதி இன்னும் தெளிவானது. ஒரு பொருள் பழசாகிக் கெட்டுப்போனால் காப்பாளர் அதை ஓர் அறைக்கோ வேறு சேமிப்பிடத்துக்கோ மாற்றலாம். அந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும். இந்த விதியின்படி நடந்தவர்கள் டோடோவை உள்ளறைக்குத்தான் அனுப்பியிருக்க வேண்டும். எரிப்புக் கதையை ஆர். எஃப். ஓவனெல் 1992-இல் விரிவாக மறுத்தார். அவர் முடிவை நான் ஏற்கிறேன்.

இனிச் சொல்வதற்கு நேரடி ஆவணம் இல்லை. ஆகவேதான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எஞ்சியவை ஏன் தலையும் காலுமாக இருக்க வேண்டும்? தற்செயலான மீட்பு என்றால் இந்தத் தேர்வு விந்தையானது. ஆர்செனிக் பூசிப் பறவைத் தோலைக் காக்கும் முறை அன்று பரவலாகவில்லை. பூச்சியும் ஈரமும் சிறகையும் உடலையும் தின்ற பிறகும் அலகும் செதில் மூடிய காலும் நிற்கும். ஒரு பறவையை அடையாளம் காணப் போதுமான உறுப்புகளும் அவையே. அழுகியதைக் கழித்து, அறிவுக்குப் பயன்படுவதைத் தெரிந்தே எடுத்துவைத்த ஒரு கையை நான் இங்கே காண்கிறேன். அந்தக் கை யாருடையது என்று எந்த ஏடும் சொல்லவில்லை.

அந்தக் கை விட்டுவைத்ததால்தான் 1847-இல் தலையை அறுத்து ஆராய முடிந்தது. டோடோ புறா இனம் என்று ஸ்ட்ரிக்லண்டும் மெல்வில்லும் மறு ஆண்டே நிறுவினர். காலெலும்பிலிருந்து பெற்ற டிஎன்ஏ, உயிரோடிருக்கும் பறவைகளில் அதற்கு மிக நெருங்கிய உறவு நம் வங்கக் கடல் தீவுகளின் நிக்கோபார் புறா என்று 2002-இல் காட்டியது.

2018-இல் வாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலையை ஊடுகதிரால் படமெடுத்தபோது, பின்தலையிலும் கழுத்திலும் ஈயக் குண்டுத் துகள்கள் தென்பட்டன. இதனால் இன்னொரு பழைய கருத்தும் ஆட்டம் காண்கிறது. ஹாமன் லெஸ்ட்ரேஞ்ச் 1638 வாக்கில் லண்டனில் உயிரோடு ஒரு டோடோவைக் கண்டார். அது பெரிய கூழாங்கற்களை விழுங்கியது என்று குறித்தார். அந்தப் பறவையே இறந்து ட்ரடெஸ்கன்ட் சேகரிப்புக்கு வந்தது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ட்ரடெஸ்கன்ட் பட்டியலில் டோடோ ஏறியது 1656-இல். இடைப்பட்ட ஏறத்தாழ 18 ஆண்டுகளுக்கு இரண்டையும் இணைக்கும் சான்று கிடையாது. காட்சிக்கு வைத்துக் காசு பார்த்த பறவையைச் சுட வேண்டிய காரணமும் எனக்குப் புலப்படவில்லை. மொரீஷியஸிலேயே சுடப்பட்டதென்றால், அவ்வளவு நீண்ட கடல்வழியில் தோல் கெடாமல் எப்படி வந்தது என்ற கேள்வி எழும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இப்போதுள்ள சான்று போதாது.