கருங்காலிக் குழல் எங்கே போயிற்று?

போன சாரல் சீசனில் குற்றாலம் மெயின் அருவிக்குப் போகும் கடைத்தெருவில் ஒரு புல்லாங்குழல் வாங்கினேன். கம்பில் கொத்தாகச் செருகி, ஊதிக்கொண்டே விற்பார்களே, அதேதான். அவர் ஊதியபோது சினிமாப் பாட்டு வந்தது. நான் ஊதியபோது வெறும் காற்று வந்தது! ஒரு மாதம் போராடி ச, ரி, க வரை தேறினேன். அதற்குள் சாரல் முடிந்து தென்காசியில் வெயில் ஏறிவிட்டது. ஒருநாள் எடுத்துப் பார்த்தால் குழலில் நெடுக ஒரு விரிசல். "மூங்கில்னா அப்படித்தான்டா" என்றான் நண்பன்.

அந்த விரிசல்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். வெடிக்கும் என்று தெரிந்தும் ஏன் மூங்கில்? மரத்தில் செய்தால் என்ன?

மரத்தில் செய்கிறார்கள், அயர்லாந்தில். அந்தக் கதை வேடிக்கையானது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் எல்லாப் புல்லாங்குழலும் பெரும்பாலும் மரம்தான். 1847இல் ஜெர்மானியரான தியோபால்ட் போம் உலோகக் குழலும் சாவிகளுமாகப் புதிய புல்லாங்குழல் ஒன்றை வடிவமைத்தார். கச்சேரிக்காரர்கள் மெல்ல அதற்கு மாற, பழைய மரக்குழல்கள் மலிவாக விலைக்கு வந்தன. அவை அயர்லாந்தின் கிராமத்து வாத்தியக்காரர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. ஆறு துளை, விரலால் நேரே மூடுவது, உள்ளே கூம்பு போலக் குறுகும் துவாரம். இன்று 'ஐரிஷ் புல்லாங்குழல்' என்று புதிதாகக் கடைந்து விற்பதும் அந்த அமைப்புதான். பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கருமரத்தில் கடைகிறார்கள். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமான மரம்.

சரி, நம் ஊரில் மரக்குழல் இருந்ததா? இருந்தது! இதைப் படித்தபோது எனக்கே நம்ப முடியவில்லை.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் (12-13ஆம் நூற்றாண்டு வாக்கில் இருந்தவர்) அரங்கேற்று காதையில் குழலைப் பற்றி விரிவாகச் சொல்கிறார். உ.வே.சா. 1892இல் அந்த உரையோடு சிலம்பைப் பதிப்பித்ததால் நமக்குக் கிடைத்த செய்தி இது. குழல் செய்ய ஐந்து பொருள்: மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி. இவற்றில் மூங்கிலே உத்தமம் என்கிறார். ஆனால் உடனே, மூங்கில் பருவத்துக்குப் பருவம் மாறும், மரமோ எப்போதும் ஒரே மாதிரி நிற்கும் என்றும், தம் காலத்தில் மரமே வழக்கம், அதிலும் கருங்காலியையே பெரும்பாலும் வேண்டுகிறார்கள் என்றும் எழுதிவிடுகிறார். என் குழல் வெடித்த காரணத்தை ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுக்கு முன்பே ஒருவர் சொல்லிவிட்டார்!

அளவும் தருகிறார். நீளம் 20 விரல், சுற்றளவு நாலரை விரல். மரத்தைக் கடைந்து, இடப்பக்கத்தை வெண்கலத்தால் அடைக்க வேண்டும். 2 விரல் தள்ளி ஊதும் வாய், அதிலிருந்து 7 விரல் விட்டு, நடுவில் 9 விரல் நீளத்துக்குள் 8 துளை, கடைசியில் 2 விரல் மிச்சம். கூட்டிப் பாருங்கள், சரியாக 20. எட்டுத் துளையில் ஒன்றை முத்திரை என்று விட்டுவிட்டு, இடக்கையில் 3 விரல், வலக்கையில் 4 விரல் வைத்து ஊத வேண்டும். இன்றைய கர்நாடக சங்கீதப் புல்லாங்குழலிலும் 8 துளை, 7 விரல்தான்! அமைப்பு அப்படியே இருக்கிறது, மரம் மட்டும் போய்விட்டது.

கச்சேரி மேடையில் புல்லாங்குழலைத் தனி வாத்தியமாக உட்கார வைத்தவர் கும்பகோணத்துச் சரப சாஸ்திரி (1872-1904). பார்வையற்றவர். அவர் வழியில் பல்லடம் சஞ்சீவ ராவ், பின்னர் மாலி என்ற டி.ஆர்.மகாலிங்கம் (1926-1986). இவர்கள் ஊதியதெல்லாம் மூங்கில்தான்.

மூங்கில் ஏன் ஜெயித்தது? எனக்குத் தோன்றுவது இது. மரக்குழலுக்குக் கடைசல் பட்டறை வேண்டும். மூங்கிலில் உள்துவாரம் இயற்கையாகவே இருக்கிறது; பழுக்கக் காய்ச்சிய கம்பி ஒன்று போதும். பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன் தீக்கடைகோலால் துளையிட்டுத்தான் குழல் செய்துகொள்கிறான். அகநானூற்றின் 82ஆம் பாட்டில் கபிலர் மனிதனே இல்லாமல் குழல் செய்துவிடுகிறார். மூங்கிலில் வண்டு துளைத்த ஓட்டையில் மேல்காற்று புகுந்து குழலிசை, அருவி ஓசை முழவு. அவர் சொன்னது குற்றாலத்தை அல்ல; ஆனால் ஐந்தருவிப் பக்கம் நின்று நினைத்துப் பார்த்தால் வேறு மலை மனதில் வராது. ஒரு வாத்தியம் நிலைப்பது அது சிறந்தது என்பதால் மட்டும் அல்ல, சாதாரண ஆள் கைக்கு எட்டுவதால். அயர்லாந்தில் மரம் பிழைத்ததும், இங்கே மூங்கில் பிழைத்ததும் ஒரே காரணத்தால்தான்.

குற்றாலநாதர் கோயிலில் அம்மன் பெயர் தெரியும்தானே? குழல்வாய்மொழி அம்மை. குழல் போன்ற இனிய மொழி பேசுபவள் என்று பொருள். எத்தனை முறை கும்பிட்டிருக்கிறேன், பெயரை ஒருமுறையும் யோசித்ததில்லை.

அடுத்த சாரலில் இன்னொரு மூங்கில் குழல் வாங்குவேன். இந்த முறை எண்ணெய் தடவி, வெயில் படாமல், துணியில் சுற்றி வைப்பேன். கருங்காலியில் கடைந்து கொடுக்க யாராவது இருந்தால், 20 விரல் கணக்கு என்னிடம் இருக்கிறது!