ஒரு ஓட்டை, புடவை முழுக்கப் பூ

இன்னைக்கு எபிசோட் சேத்துப்பட்டுல ஆரம்பிக்குது. எலக்ட்ரிக் ட்ரெயின் நிக்கிற சென்னை சேத்துப்பட்டு இல்ல. திருவண்ணாமலை மாவட்டத்துல, ஆரணி பக்கம் இருக்குற சேத்துப்பட்டு. என் அம்மாவோட ஊர். மாமா இன்னமும் பட்டு நெய்றார்.

மூணு வருஷம் முன்னாடி, தறி போட மாமா ஒரு சின்ன இடம் வாங்கினார். பத்திரத்தைக் கம்ப்யூட்டர்லதான் அடிச்சாங்க. அதுல வாங்குறவர் பேர் ஒன்பது இடத்துல வருது. எட்டு இடத்துல மாமா பேர். ஒன்பதாவது இடத்துல, முன்ன பின்ன பார்த்திராத யாரோ ஒருத்தர் பேர்! பழைய பத்திர ஃபைலைத் திறந்து, பேரை மட்டும் மாத்தி அடிச்சிருக்காங்க. ஒரு இடம் விட்டுப்போச்சு. பதிவு முடிஞ்சு, கடன் கேட்கப் போனப்பதான் தெரிஞ்சது. பிழைத்திருத்தல் பத்திரம் போடணும், அதுக்கு வித்தவரும் வந்து கையெழுத்துப் போடணும். அவரோ பெங்களூர்ல மகன் வீட்டுக்குப் போயிட்டார். நாலு மாசம் தறி வரல.

அப்ப மாமா என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "ஏன் மாப்ள, ஒரு இடத்துல பேரைச் சொன்னா எல்லா இடத்துக்கும் அதுவே போய்ச் சேராதா? என் தறி செய்யுதே!"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடினதுதான் இந்த எபிசோட்.

முதல்ல தறி என்ன செய்யுதுன்னு பார்ப்போம். பூ வேலை செய்ய, ஒவ்வொரு ஊடை ஓடும்போதும் எந்தெந்தப் பாவு இழை மேலே தூக்கணும்னு யாராவது ஞாபகம் வச்சுக்கணும். முன்னாடி 'அடை' கட்டுவாங்க. டிசைனை நூல்லயே ஒரு தடவை கட்டி வச்சிட்டு, பக்கத்துல உட்கார்ந்த ஒருத்தர் வரிசையா இழுத்துக் கொடுப்பார். அந்த ஆளோட வேலையை எடுத்துக்கிட்டதுதான் ஜக்கார்டு பெட்டி.

பிரான்ஸ்ல லியோன் பட்டு நெசவு ஊர். அங்கே 1725லயே பசில் பூஷோன் ஓட்டை போட்ட காகிதச் சுருளை வச்சுத் தறியை ஓட்டிப் பார்த்தார். அந்த வழியில வந்தவங்க வேலையையெல்லாம் சேர்த்து, 1804ல ஜோசப் மரி ஜக்கார்ட் தன் இயந்திரத்தை நிலைநிறுத்தினார். அட்டையில ஓட்டை இருந்தா இழை தூக்கும், இல்லைன்னா தூக்காது. ஒரு ஊடைக்கு ஒரு அட்டை.

இதுல ரெண்டு விதமான 'ரிப்பீட்' இருக்கு, அதைக் கவனிங்க. ஒண்ணு, அட்டைகளை மாலையா கோர்த்திருப்பாங்க. கடைசி அட்டை முடிஞ்சா மறுபடி முதல் அட்டை வரும். அதனால அதே பூ புடவை நீளத்துக்கு வந்துக்கிட்டே இருக்கும். நம்ம ஊர் 'லூப்'. இன்னொண்ணுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்: ஒரே கொக்கியில பல கயிறு கட்டியிருக்கும். அட்டையில ஒரே ஒரு ஓட்டை. ஆனா புடவை அகலத்துல நாலஞ்சு இடத்துல ஒரே நேரத்துல இழை தூக்கும். பூவை நாலஞ்சு தடவை யாரும் எழுதல. எழுதினது ஒரு தடவை, கட்டினதுதான் பல இடத்துல.

இந்த அட்டை தறியோட நிக்கல. 1839ல ஜக்கார்டோட உருவத்தையே பட்டுல நெய்தாங்க. அதுக்குச் சுமார் 24,000 அட்டை தேவைப்பட்டுச்சு. அதுல ஒரு பிரதியை சார்லஸ் பாபேஜ் வச்சிருந்தார். தன் பகுப்பாய்வு இயந்திரத்துக்கும் அதே மாதிரி அட்டைகளைத்தான் யோசிச்சார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹெர்மன் ஹொலரித் ஓட்டை அட்டையில எண்ணினார். அவர் கம்பெனி வேற கம்பெனிகளோட சேர்ந்து, 1924ல ஐபிஎம் ஆச்சு.

அதே ஐபிஎம் 1964ல காந்த நாடா இணைச்ச ஒரு தட்டச்சு இயந்திரத்தை விட்டாங்க. 'வேர்டு ப்ராசஸிங்'ங்கிற வார்த்தை பரவினதே அதை விக்கும்போதுதான். ரெண்டு நாடா போடுற மாடல்ல, ஒண்ணுல கடிதம், இன்னொண்ணுல பேரும் முகவரியும். மெஷின் ரெண்டையும் சேர்த்து அடிக்கும். தறியில ஊடை ஓட்டுறதுக்கும் தமிழ்ல பேர் நாடாதான்! மாமாகிட்ட சொன்னேன், ரொம்ப நேரம் சிரிச்சார். அப்புறம் வேர்டுஸ்டார்ல மெயில்மெர்ஜ் வந்தது. நூறு பேருக்கு நூறு கடிதம். அது அட்டை மாலை மாதிரி, அதே டிசைன் திரும்பத் திரும்ப.

ஆனா மாமாவுக்கு வேண்டியது ரெண்டாவது வகை: ஒரே ஆவணம், ஒரே பேர், ஒன்பது இடம். அதுவும் இருக்கு. மைக்ரோசாஃப்ட் வேர்டுல முதல் இடத்துப் பேரை புக்மார்க் பண்ணிட்டு, மத்த எட்டு இடத்துல அதைக் காட்டுற ஃபீல்டு வைக்கலாம். ஒரு எச்சரிக்கை: இது தானா மாறாது. எல்லாத்தையும் செலக்ட் பண்ணி எஃப்9 அழுத்தணும், இல்லைன்னா பழைய பேரே பிரிண்ட் ஆகலாம். 2007 வேர்டுல இதைவிட நல்ல வழி வந்தது. கன்டென்ட் கன்ட்ரோல்னு பேர். ஒன்பது பெட்டியையும் உள்ளே ஒரே தகவலோட கட்டிடலாம். எந்தப் பெட்டியில மாத்தினாலும் மத்த எட்டும் மாறும். ஒரே கொக்கி, ஒன்பது கயிறு.

காப்பி-பேஸ்ட் பண்ணின பேருக்குத் தான் எங்கிருந்து வந்தோம்னு தெரியாது. கயிறு கட்டின பேருக்குத் தெரியும். கோடு எழுதுற நாங்க இதை வேலைக்குச் சேர்ந்த முதல் மாசமே படிக்கிறோம். ஆனா ஒரு குடும்பத்தோட சொத்தே தொங்குற காகிதத்துல, இன்னமும் கண்ணை நம்பி ஒவ்வொரு இடமா மாத்திக்கிட்டு இருக்கோம்.

போன மாசம் ஊருக்குப் போனப்ப மாமாகிட்ட மடக்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டேன். "சரி மாமா, அட்டையிலயே தப்பா ஓட்டை விழுந்துட்டா? புடவை முழுக்கத் தப்பாயிடுமே?"

தறியை நிறுத்தாமலே சொன்னார்: "ஆகும்தான் மாப்ள. ஆனா முதல் பூவுலயே தெரிஞ்சிடும். ஒரு ஓட்டையை அடைச்சா மிச்சமெல்லாம் சரியாயிடும். ஒன்பதுல ஒண்ணு மட்டும் தப்பா இருந்தா, அது உன்னைத் தேடி வர்ற வரைக்கும் தெரியாது."

பத்திரம் அடிக்கிறவங்க, வாடகை ஒப்பந்தம் அடிக்கிறவங்க யாராவது தெரிஞ்சா இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.