பாட்டும் அதன் உரிமையும்: இசைத்தட்டு முதல் இணையம் வரை

விலை கொடாமல் ஒரு பாட்டை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வது களவா, அன்றா என்னும் வழக்கு நம் காலத்தில் பெரிதாகப் பேசப்படுகின்றது. கணிப்பொறியோடு பிறந்த புதிய வழக்கு இது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், குரலை ஒரு தட்டில் அடைத்து விற்கக் கற்ற நாளிலேயே இவ்வழக்கு தோன்றிவிட்டது. அதன் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

1902ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க், அந்நாளைய கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிவு செய்தார். தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் அச்சாயின. அங்குள்ளோர் அடையாளம் காணும் பொருட்டு, பாட்டின் முடிவில் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவது வழக்கமாயிற்று. தட்டில் அவர் பெயர் ஒலித்தது. ஆனால் சட்டத்தில் அவர் பெயருக்கு இடமில்லை. 1911ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம் 1914இல் சில மாறுதல்களுடன் இந்தியாவிற்கும் விதிக்கப்பெற்றது. மூலத் தட்டு எவருக்கு உடைமையோ, அவரே ஒலிப்பதிவின் உரிமையாளர் என்பது அதன் முடிபு. பாடியவர் அன்றைய கூலியைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

பாடகர் நிலை இதுவாக, கவிஞர் நிலை என்ன? பாரதியார் 1921இல் மறைந்தார். அவர் பாடல்களை ஒலிபரப்பவும் இசைத்தட்டில் பதிக்கவும் உள்ள உரிமை காலப்போக்கில் வாணிகர் கைக்குச் சென்று, பின்னர்ப் படத்தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பன் வசமாயிற்று. 1947இல் வெளியான அவருடைய 'நாம் இருவர்' படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் நாடெங்கும் பரவின. ஆயின், விடுதலையைப் பாடிய கவிஞரின் சொற்களைப் பாட ஒரு தனியாரின் இசைவு வேண்டுமோ என்று எழுத்தாளரும் நாடகக் கலைஞரும் கேட்டனர். அதன் பயனாக, 1949இல் சென்னை அரசு அவ்வுரிமைகளை ஏற்றது; மெய்யப்பனும் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். கவிஞரின் மனைவிக்கும் மக்களுக்கும் அரசு பொருள் வழங்கியது. பின்னர் அப்பாடல்கள் பொதுவுடைமையாயின. இங்கே நாம் கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. மக்களுக்குப் பாட்டுக் கிடைத்தது. உரியவர் குடும்பமும் வெறுங்கையோடு விடப்படவில்லை.

வங்காளத்தில் வேறொரு வழி நிகழ்ந்தது. தாகூர் 1941இல் மறைந்தார். அவர் நூல்களின் உரிமை விசுவபாரதியிடம் இருந்தது; அவர் பாடல்களை இசைத்தட்டாக வெளியிட அந்நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகளில் உரிமை முடியும் என்பதே அன்றைய விதி. 1991ஆம் ஆண்டு முடிவில் அக்கெடு நெருங்கவே, மைய அரசு அதனை 60 ஆண்டுகளாக நீட்டியது. 2001 முடிவில்தான் தாகூர் பாடல்களுக்குக் கதவு திறந்தது. கவிஞரின் பாட்டுத் திரியாமல் காத்தோம் என்றனர் ஒரு சாரார். பாட்டைப் பூட்டி வைத்தீர்கள் என்றனர் மறுசாரார்.

பூட்டு மிகுந்தால் மக்கள் வேறு வாயில் தேடுவர் என்பதற்கு வானொலியே சான்று. 1952இல் அமைச்சரான பா. வி. கேஸ்கர், திரையிசைக்கு ஆல் இந்தியா ரேடியோவில் இடத்தைக் குறைத்தார். படத்தின் பெயரைச் சொல்லுவது விளம்பரம் என்று அதனையும் நிறுத்தினர். படத்தயாரிப்பாளர் சினந்து தம் இசைவைத் திரும்பப் பெற்றனர். நேயர்களோ ரேடியோ சிலோன் பக்கம் முள்ளைத் திருப்பினர். 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதி தொடங்கிய பின்னரே அவர்கள் மீளலாயினர்.

1980ஆம் ஆண்டுகளில் காசெட் வந்தது. இசைத்தட்டைப் படியெடுக்க ஆலை வேண்டும். காசெட்டைப் படியெடுக்க ஒரு மேசை போதும். ஊரைவிட்டு வந்த நம்மவர் இல்லங்களில், ஒருவர் கொணர்ந்த தமிழ்க் காசெட் பத்து வீடுகளுக்குப் படியானது. அன்பினால் செய்யப்பட்ட அச்செயலையும், கடைத்தெருவில் ஆயிரக்கணக்கில் படியெடுத்து விற்ற வாணிகத்தையும் ஒரே தட்டில் நிறுத்தல் பொருந்தாது. எனினும் பாட்டை ஆக்கியவருக்கு இரண்டிலும் ஒன்றும் சேரவில்லை. 1984இல் சட்டம் திருத்தப்பெற்று, உரிமை மீறலுக்கு மூன்றாண்டுவரை சிறையும் 2 இலட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கப்பட்டன.

ஆனால் காக்கப்பட்ட பொருள் யாரைச் சேர்ந்தது? 1977இல் உச்ச நீதிமன்றம், படத்திற்கென ஊதியம் பெற்று ஆக்கிய பாட்டில், மாறான ஒப்பந்தம் இல்லையேல், தயாரிப்பாளருக்கே உரிமை என்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பாடுவோருக்குச் சட்டத்தில் இடமில்லாமையை நாடாளுமன்றம் கருத வேண்டும் எனத் தனியே குறித்தார். 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நிகழ்த்துவோர் உரிமை கிட்டிற்று. 2012ஆம் ஆண்டுத் திருத்தமே, படப்பாட்டின் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும், திரையரங்கில் படம் காட்டப்பெறுவது நீங்கலான பிற பயன்பாடுகளில், உரிமைப் பணத்திற் சம பங்கு கேட்கும் உரிமையை உறுதி செய்தது. கௌஹர் ஜானின் தட்டிலிருந்து எண்ணினால், இதற்கு 110 ஆண்டுகள் சென்றன.

இதற்கிடையே, 1999இல் அமெரிக்காவில் நாப்ஸ்டர் என்னும் இணையச் சேவை தோன்றியது. காசெட்டின் படி மூலத்தினும் மங்கலாக ஒலிக்கும். கணிப்பொறியின் படியோ மூலமேயாகும். 2001இல் நீதிமன்ற ஆணையின்பின் நாப்ஸ்டர் மூடப்பட்டது. ஆயினும் பழக்கம் மூடப்படவில்லை. 2003 முதற் சில ஆண்டுகள் இசைக் கம்பெனிகள் ஆயிரக்கணக்கான தனி மனிதர் மீது வழக்குத் தொடுத்துப் பார்த்தன. அதே 2003இல் ஒரு பாட்டை 99 சென்டுக்கு விற்கும் இணையக் கடை திறக்கப்பட்டபோது, விலை கொடுத்து வாங்குவோர் திரண்டனர்.

'பெரும்பணம் கம்பெனிக்கே போகின்றது. நான் ஏன் கொடுத்தல் வேண்டும்?' என்பது இறக்குவோர் வாதம். அதில் வரலாற்று உண்மை ஒரு பாதி உண்டு. ஆனால், கவிஞருக்கும் பாடகருக்கும் பங்கு கிட்டத் தொடங்கிய இக்காலத்தில், கொடாது எடுத்தல் அச்சிறு பங்கையும் பறிப்பதாகும். வழியை அடைத்துவிட்டு மக்களைக் கள்வர் என்பதும் முறையன்று. வழி திறந்தபின் கொடாது செல்லுவதும் முறையன்று. தொலைவில் வாழும் நமக்குத் தாய்மொழியின் பாட்டு ஆடம்பரப் பொருளன்று. ஆதலின், அதனை ஆக்குவோர் தொடர்ந்து ஆக்குதற்கு நம் பங்கை நாம் செலுத்துவோமாக.