ஆமைப்பாறையும் வெள்ளைத் திரையும்

1912ல நடந்த விஷயம். திருவண்ணாமலை பச்சையம்மன் கோயில்ல எண்ணெய்க் குளியல் முடிச்சுட்டு விருபாட்ச குகைக்குத் திரும்பிட்டு இருந்தார் ரமணர். கூட பழனிசாமி, வாசுதேவ சாஸ்திரி.

ஆமைப்பாறை கிட்ட வரும்போது திடீர்னு தளர்ச்சி. கண் முன்னாடி வெள்ளைத் திரை ஒண்ணு பரவி, காட்சியைக் கொஞ்சம் கொஞ்சமா மூடுது. பாதி தெரியுது, பாதி தெரியலை. மூணு தடவை இப்படி வந்து போனதும் உட்கார்ந்துட்டார். உடம்பு நீலம் பாரிச்சுது. சாஸ்திரி கட்டிப் பிடிச்சு அழுதார். ரத்த ஓட்டமும் மூச்சும் நின்னு, பத்து பதினஞ்சு நிமிஷம் கழிச்சுத் திரும்பினதா ரமணரே பின்னாடி சொல்லியிருக்கார்.

பக்தர்களுக்கு இது ரெண்டாவது மரண அனுபவம். என் கண்ணுல நின்னது அந்தத் திரைதான். இது மைக்ரேன்னு நான் சொல்ல வரலை. அந்த விவரிப்புல தலைவலியே கிடையாது. மூளைக்கு ரத்தம் குறைஞ்சாலும் பார்வை இப்படி மூடும்.

ஆனா ஒற்றைத் தலைவலிக்காரங்க சிலருக்கும் வலிக்கு முன்னாடி பார்வையில ஒரு மறைப்போ மின்னுற கோடோ மெல்லப் பரவும். இதுக்கு 'ஆரா'ன்னு பேரு. லாஷ்லி தன் கண்ணுல வந்ததையே படம் போட்டு, மூளையில அது நிமிஷத்துக்கு 3 மி.மீ. நகருதுன்னு 1941ல கணக்குச் சொன்னார். 1944ல லியாவோ முயல் மூளையில அதே மாதிரி மெல்ல நகரும் ஒரு அலையைக் கண்டுபிடிச்சார். அப்போ இது நரம்பு சமாச்சாரம், ரத்தக்குழாய்க்கும் இதுக்கும் சம்பந்தமில்லையா?

இருக்கு. 2006ல 27,840 அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்து கவனிச்ச ஆய்வு வெளியாச்சு. ஆராவோட தலைவலி உள்ளவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் வர்ற வாய்ப்பு சுமார் ரெண்டு மடங்கு. ஆரா இல்லாதவங்களுக்கு அது கூடலை. 2016ல 1,15,541 நர்ஸுகளை வெச்சு வந்த ஆய்வுலயும் மைக்ரேன் உள்ளவங்களுக்கு ஆபத்து சுமார் 50 சதவீதம் அதிகம். பயந்துடாதீங்க மக்களே, தனி ஒருத்தருக்கு இந்த ஆபத்து இன்னமும் சின்னதுதான். ஆனா சிகரெட்டும் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் சேர்ந்தா கதை வேற.

அதனால 'தலைவலி'ன்னு மட்டும் சொல்லி மாத்திரை வாங்காம, கண்ணுல என்ன தெரிஞ்சுதுன்னும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. இதய நோய் இருந்தா அதையும் சொல்லுங்க. சில மைக்ரேன் மாத்திரைகள் ரத்தக்குழாயைச் சுருக்கும். ஆரா மெல்ல வரும். சட்டுனு பார்வை போனாலோ, வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ காத்திருக்கக் கூடாது. அன்னிக்கு மலைமேல சாஸ்திரியால அழத்தான் முடிஞ்சுது. இன்னிக்குக் கீழே ஊர்ல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கு.