ரேந்தை பின்னிய கைகள்

சூலக்கரையில் ஓய்வு வேளைகளில் நாம் கம்பளி பின்னக் கற்றுவருகிறோம். "ஐயா, இது பெண்பிள்ளைகள் வேலையல்லவா?" என்று சபையார் நகைத்தனர். அந்நகைப்பே நம்மைச் சபைச் சரித்திரத்தைப் புரட்டச் செய்தது.

சார்லஸ் மால்ட் 1819இல் நாகர்கோவில் வந்ததை மாணவர் அறிவர். அவர் மனைவி மார்த்தா அம்மையார் 1821இல் அங்குப் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்பிக்கத் தொடங்கியதை எத்தனை பேர் அறிவர்? தலையணையில் ஊசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னும் நுண்வேலை அது. அப்பிள்ளைகளுள் அடிமைகளாய்ப் பிறந்தோரும் இருந்தனர். பின்னிய கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்துப் பெற்றோர் அவர்களுள் உண்டு. திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை ஒழித்ததோ 1855இல்தான்! ரேந்தை விற்ற பணம் பள்ளியையும் தாங்கிற்று.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து, இடையன்குடியிலும் இத்தொழிலை நிலைநாட்டினார். கணவர் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தை வகுப்பில் பலமுறை எடுத்துரைத்திருக்கிறோம். மனைவியின் ரேந்தையை ஒருமுறையேனும் சொன்னதில்லை. குற்றம் நம்முடையதே.

ஆயினும் ஊசி பெண்ணுக்கு, பிரசங்கபீடம் ஆணுக்கு என்னும் பாகுபாட்டை மிஷன் பள்ளிகளும் வளர்த்தன என்பதை மறைத்தலாகாது.

நம் பின்னல் இன்னும் கோணலாகவே வருகிறது. சபையின் மூதாட்டியொருவர் அதைப் பிரித்துத் திருத்தித் தருகிறார்.