தனுஷ்கோடி வரைக்கும் ஓடின ரயில்

தை அமாவாசை, ஆடி அமாவாசைன்னா நம்ம முதலிபாளையம் பக்கமிருந்தும் ஜனங்க வேன் பிடிச்சு ராமேஸ்வரம் கிளம்பிருவாங்க. பாம்பன்ல இறங்கி ரயில் பாலத்தைப் போட்டோ எடுக்காம யாரும் வர்றதில்லை. ஆனா அந்தப் பாலம் சாமி கும்பிடப் போறவங்களுக்காகவே கட்டினது இல்லைங்க.

1914 பிப்ரவரி 24ல திறந்தாங்க. நீளம் ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. கப்பல் வந்தா நடுப்பாலத்தை ஆளுங்க கையாலேயே சுத்தித் தூக்குவாங்க. வெள்ளைக்காரனுக்கு வேண்டியது இலங்கைக்கு ஒரு குறுக்கு வழி. மெட்ராஸ்ல ஏறினா தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில் ஏறி கொழும்பு. 'போட் மெயில்'னு பேரு. தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போன நம்ம ஜனங்களும் இந்த வழியாப் போனாங்க. மண்டபம் முகாம்ல நோய் சோதனை முடிஞ்சாத்தான் கடல் தாண்ட விடுவாங்க.

1964ல ரெண்டு அடி விழுந்துச்சு. அக்டோபர் 30ல சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டாங்க. இலங்கைத் தோட்டத்துல இருந்த 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும்னு முடிவாச்சு. அந்த ஜனங்களை ஒரு வார்த்தை கேக்கலை. டிசம்பர் 22 ராத்திரி புயல் அடிச்சு, தனுஷ்கோடிக்குப் போய்ட்டிருந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டு போயிருச்சு. உள்ள இருந்தது நூறு பேருக்கு மேல. ஒருத்தரும் பிழைக்கலை.

இடிஞ்ச பாலத்தை ஸ்ரீதரன்ங்கிற இளம் இன்ஜினியர் தலைமையில 46 நாள்ல சரி பண்ணிட்டாங்க. தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் மட்டும் திரும்பப் போடவேயில்லை. பின்னாடி தாயகம் திரும்பின தோட்ட ஜனங்க ராமேஸ்வரத்துல கப்பல் இறங்கித்தான் வந்தாங்க. தாத்தன் போன பாலத்து மேலயே பேரன் மூட்டை முடிச்சோட திரும்பி வந்தான். நிறையப் பேர் நீலகிரியில மறுபடியும் தேயிலை பறிக்கப் போனாங்க. 1980கள்ல சண்டை வந்து அந்தக் கப்பலும் நின்னுபோச்சு.

2025 ஏப்ரல் 6ல புதுப்பாலம் வந்திருக்கு. நடுப்பகுதி லிப்ட் மாதிரி அப்படியே மேல போகுது. பாக்க அழகுதான். ஆனா ரயில் இன்னமும் ராமேஸ்வரத்தோட நின்னுக்குது. கடைமடைக்குத் தண்ணி போகாத வாய்க்கால் கதைதான்.

நம்ம பனியன் கம்பெனிகளுக்கும் ஒடிசா, பீகார்ல இருந்து ஜனங்க ரயிலேறித்தான் வர்றாங்க. வேலை இருக்கிற வரைக்கும் வாங்கன்னு கூப்பிடற ஊரு, அப்புறம் என்ன சொல்லும்னு அவங்களுக்கும் தெரியாது. அடுத்த தடவை ராமேஸ்வரம் போனா, தனுஷ்கோடி வரைக்கும் போய் மணல்ல நிக்கிற அந்த ஸ்டேஷன் சுவத்தையும் ஒரு எட்டு பாத்துட்டு வாங்க.